வாசலில் கேட்ட பெயர்

“தனியாவா மலைக்குப் போறீங்க? ஆம்பளைத் துணை இல்லையா?”

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலையடியில், வனவிலங்குச் சரணாலய வாசலில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த காரைக் காவலர் டுமிசானி நிறுத்திக் கேட்டார். ஓட்டி வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும்.

“தனியாத்தான் ஐயா. ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டேன். நாலு சரணாலயம் பார்த்தாச்சு.”

“மேலே சிறுத்தை திரியுது. வண்டி நின்னுட்டா இங்கே போன் பண்ணி, டுமிசானியைக் கூப்பிடுங்கன்னு சொல்லணும். எங்கே, என் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “காவலர் ஐயாவைக் கூப்பிடுங்கன்னு சொல்றேனே.”

“இங்கே எட்டுக் காவலர் இருக்கோம். பேரைச் சொல்லுங்கம்மா.”

“என்னால முடியாதுங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. “என் தாத்தா வெச்ச பேரு. உங்க ஜோகன்னஸ்பர்க் வாய்க்கு அது கசக்குதோ?”

“ஐயோ, அப்படி இல்லை.” அவள் இறங்கி, சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். “மருமக மாமனார் பேரைச் சொல்லக் கூடாதுன்னு என் வீட்டுக்காரர்தான் கத்துக்கொடுத்தார். ‘அப்பா நம்மளை ஏத்துக்கலைன்னாலும் நீ கடைப்பிடி’ன்னார்.”

டுமிசானி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முறைப்படி பெண் வீட்டுக்குப் பரிசமாக மாடு கொடுக்காமல் கோர்ட்டில் கல்யாணம் செய்துகொண்டதற்காக, ஆறு வருடமாக மகன் லுங்கேலோவின் முகத்தில் விழிக்காதவர் அவர்.

“லுங்கேலோ எங்கே? அவன் ஏன் வரலை?”

“இந்தப் பயணமே அவர் போட்டு வெச்சதுங்க. கடைசியா உங்க வாசல். அவரை அடக்கம் பண்ணி மூணு மாசமாச்சு. உங்களுக்குக் கடிதம் போட்டேன். பிரிக்காமலே திரும்பி வந்துடுச்சு. அதான் நேர்லயே வந்தேன், மாமா.”

அனுப்பியவள் பெயரைப் பார்த்ததுமே தபால்காரரிடம் அந்த உறையைத் திருப்பிக் கொடுத்தது அவர்தான்.