ஒன்பது காலிக் கட்டங்கள்

“இந்த மாத்திரைய நிறுத்திடுங்க டாக்டர். இவ போக்கே சரியில்ல” என்றார் லிப்ட் மெக்கானிக், நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே.

பக்கத்தில் அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு. புருவத்தைச் சுருக்கியே வேலை பார்த்துப் பார்த்து முகமே அப்படி ஆகிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். வீட்டில் பாட்டுச் சத்தம் ஆகாது, மகள் கதவைப் படாரென்று சாத்தக் கூடாது. அவருடைய தங்கை அண்ணிக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி. அவரும் அதை மறுத்துப் பேசியதில்லை.

மாதத்தில் பாதி நாளுக்கு மேல் தலைவலி என்று வந்தபோதுதான் டாக்டரம்மா இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். இது வலிக்கும்போது விழுங்குவதல்ல, வராமல் தடுப்பதற்கு. தினமும் படுக்கப் போகுமுன் ஒன்று. பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு நோட்டு. ஒவ்வொரு நாள் கட்டத்திலும் வலிக்கு மார்க் போட வேண்டும், பூஜ்யத்திலிருந்து பத்து வரை.

மெக்கானிக்கோ மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் படித்துத் தொலைத்துவிட்டார். மனச்சோர்வுக்கான மருந்து என்று அதில் போட்டிருந்தது. அன்று பிடித்த பயம்.

அதற்கும் கொடுப்பதுண்டு, இது ரொம்பச் சின்ன அளவு, அவர் மனைவியின் மனதில் எந்தக் கோளாறும் இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவர் சமாதானமாகவில்லை.

“தலையில சீப்பு கொஞ்சம் அழுத்திப் பட்டாலே எரிஞ்சு விழுவா. இப்ப அரைமணி நேரம் கண்ணாடி முன்னால நின்னு வாரிக்கிட்டே இருக்கா. காலையில எழுந்ததும் கட்டில்ல கண்ண மூடி உட்கார்ந்து தனக்குத்தானே சிரிக்கிறா. பொண்ணு பாட்டு வச்சா, இன்னும் சத்தமா வைங்கிறா. எனக்குக் கை கால் ஓடல டாக்டர்.”

நாலாவது மாடியில் நின்றபடி, சத்தத்தை வைத்தே கீழே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனுஷன். வீட்டில் இருப்பவளுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் பிடிபடவில்லை.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். ஆறு, ஏழு, பூஜ்யம், பூஜ்யம், ஐந்து... ஐந்து வாரம் ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தாள். கடைசி ஒன்பது கட்டங்கள் மட்டும் காலி. மெக்கானிக் எட்டிப் பார்த்தார். எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல அவள்.

“ஏம்மா எழுதல? வலி ஜாஸ்தியாயிடுச்சா?” என்று கேட்டார் டாக்டர்.

இல்லை என்று தலையசைத்தாள்.

“அப்ப பூஜ்யம் போட்டிருக்கலாமே?”

தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவர் கவனித்தார், புருவங்களுக்கு நடுவே இருந்த அந்த இரண்டு கோடுகளைக் காணோம். பெண் பார்த்த அன்றுகூட இருந்த கோடுகள். இவளுக்கு இப்படி ஒரு முகமா என்று மலைத்துப் போனார்.

“பூஜ்யம் எப்படி டாக்டர் போடுறது?” என்றாள் அவள். “சின்ன வயசுலேர்ந்து நெத்தியச் சுத்தி இறுக்கிக் கட்டின மாதிரி எப்பவும் வலிச்சுக்கிட்டே இருக்குமே, எல்லாருக்கும் இருக்கிறது, அதுக்குத்தானே பூஜ்யம் போட்டுக்கிட்டு வந்தேன்? ஒன்பது நாளா அதுவும் இல்ல. தலைன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல. பூஜ்யத்துக்கும் கீழ என்ன மார்க் போடணும்?”