ஒரு விரல் வித்தியாசம்

"எழுதுங்க தம்பி. வேலப்போடி வெச்சிரிக்கிற எருமை என்ட எண்டு எழுதுங்க."

மீராமுகைதீன் ஆறு வருஷமாகக் காத்திருந்த நாள் அது. எருமைகளை ஆராயக் கம்பஸிலிருந்து, அதாவது பல்கலைக்கழகத்திலிருந்து, வந்த மாணவன் சரீப், வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் மேயும் எருமைகளின் கொம்புகளை நாடா பிடித்து அளந்து முடித்திருந்தான்.

எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலில் மீராமுகைதீனின் பட்டியில் பாதி செத்தது. மிச்சம் நற்பிட்டிமுனை வேலப்போடியின் பட்டியோடு கலந்தது. குறி சுட்டவற்றைப் பிரிப்பது லேசு. குறி சுடாத ஒரு நாகை, இன்னும் ஈனாத இளம் எருமையை, வேலப்போடி தன்னுடையதென்று ஓட்டிப் போனார். அன்றோடு பேச்சு முறிந்தது. வேலப்போடி வீட்டுச் சாவுக்கும் மீராமுகைதீன் போகவில்லை.

"என்ட பட்டிக்கு விரிஞ்ச கொம்பு. அவன்டதுக்கு ஒடுங்கின கொம்பு. குறியில்லாமத் திரிஞ்ச மூணை நானும் கொம்பைப் பாத்துத்தான் பிடிச்சிக் குறி சுட்டன். இதுக்குக் கம்பஸ் படிப்பு வேணுமா?"

சரீப் கொப்பியைப் புரட்டினான். "வித்தியாசம் இரிக்கி காக்கா. சராசரி பாத்தா உங்கட பட்டி ஒரு விரல் கூட."

"நான் செல்லல்லயா?"

"கேளுங்க. உங்கட பட்டிக்குள்ளயே ஒண்டுக்கும் இன்னொண்டுக்கும் ஒரு சாண் வித்தியாசம். அவர்ட பட்டியிலயும் அப்பிடித்தான். அந்த ஒரு விரலை வெச்சி, தனிய நிக்கிற எருமை யார்ட எண்டு செல்ல ஏலா."

"அப்ப அந்த நாகு?"

"உங்கடயாயும் இரிக்கலாம். அவர்டயாயும் இரிக்கலாம்."

"இத அவனுக்கிட்டச் செல்லிப் பாருங்க. கம்பெடுத்து விரட்டுவான்."

"நேத்தே செல்லிட்டன். 'உறுதியில்லாததையா இவ்வளவு காலம் கறந்து குடிச்சன்' எண்டார். கன்றோட கட்டி வெச்சிரிக்கார். வந்து அவுத்துக்கொண்டு போகட்டாம்."

மீராமுகைதீன் துள்ளி எழும்பிக் கயிற்றை எடுத்தார். "இப்பதான் வழிக்கு வந்திரிக்கான்."

நாலடி நடந்தவர் நின்றார். எதிரே, அவர் குறி சுட்ட மூன்று எருமைகளும் சேற்றில் கிடந்தன.

"தம்பி, இந்த மூணைப் பத்தி என்னவும் கேட்டானா?"

"கேக்கல்ல காக்கா. 'குறியில்லாத நாலில மூணை அவர் பிடிக்கக்கொள்ள நான் பாத்துக்கொண்டுதான் நிண்டன். பட்டி அழிஞ்ச மனிசன், கொண்டு போகட்டும் எண்டு விட்டன்' எண்டார்."