முப்பத்தேழு டிகிரிப் பெட்டி

டைரக்டரின் மேஜை மேல் அவள் அந்தக் கண்ணாடித் தட்டை வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அறைந்தாள்.

கிருமி வளர்த்துப் பார்க்கும், உள்ளங்கை அகலத் தட்டு. உள்ளே, டீ சிந்திக் காய்ந்தது போலப் பழுப்பாக ஒரு கறை.

"நம்ம மீன் கிருமிதான் சார். மனுஷன் புண்ணுல இருந்து எடுத்தது. முப்பத்தேழு டிகிரியில வளர்ந்திருக்கு."

டைரக்டர் சிரித்தார்.

சிரிக்காமல் என்ன செய்வார்? மீன் நோய் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக அவர் அடித்துச் சொல்லி வருவது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கிருமி குளிர்ச்சிப் பிரியன். பதினெட்டு டிகிரியில் ராஜா மாதிரி வாழும், தட்டில் பழுப்பு நிறம் காட்டும். முப்பதைத் தாண்டினால் மூச்சை விட்டுவிடும். மனித உடம்போ முப்பத்தேழு. குளம் குளமாக மீனைக் கொல்லும், மனிதனிடம் அதன் பாச்சா பலிக்காது.

மீன் பண்ணை வாசலில் சட்டம் போட்ட பலகை ஒன்றை மாட்டியிருக்கிறார்கள்: 'மீனைத் தாக்கும். மனிதரைத் தாக்காது.' கீழே டைரக்டரின் கையெழுத்து.

அந்தப் பண்ணையில் மீன் கழுவும் வேலை கிடைத்தபோது தம்பி அவளைத்தான் கேட்டான், கையுறை வாங்க வேண்டுமா என்று.

"உன் உடம்புச் சூட்டுல அது வெந்து செத்துடும்டா, போ" என்றாள் அக்கா. லேப் டெக்னீஷியன் அக்கா சொன்னால் தம்பிக்கு வேதம்.

இப்போது அவன் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் கிடக்கிறான். மீனின் துடுப்பு முள் ஒன்று குத்தியது. ஒன்பது நாளில் இரண்டு விரல் போய்விட்டது. "பத்துல எட்டு இருக்குக்கா, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று நேற்று சிரித்தான் படுபாவி.

மூன்று மருந்து மாற்றியாகிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இது என்ன கிருமி என்றே பிடிபடவில்லை. பண்ணைக் கிருமிதான் என்று தெரிந்தால் போதும், அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று ஆய்வுக்கூடத்துப் பதிவேட்டிலேயே இருக்கிறது. மதியத்துக்குள் டைரக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தவறினால் மணிக்கட்டோடு எடுத்துவிடுவார்களாம்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது.

"பழுப்பா இருக்கு, சரி. அப்போ பதினெட்டுல வளர்த்ததுதானே? முப்பத்தேழுன்னு யார் கதை விட்டது?" என்றார் டைரக்டர்.

"ராத்திரி முழுக்க முப்பத்தேழுல வச்சேன் சார். வெள்ளையா வளர்ந்துச்சு. அதையே எடுத்துப் பதினெட்டு டிகிரிப் பெட்டிக்கு மாத்தினேன். மூணாம் நாள் இந்த நிறம். மத்தவங்களுக்குச் சாயம் வெளுக்கும். இதுக்கு ஏறுது."

டைரக்டர் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டார். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, உட்கார்ந்ததே தெரியவில்லை.

"ஒரே குடும்பம்தான்... ஆனா இது எந்த ஊர்ல விட்டாலும் குப்பை கொட்டுற ரகம்."

எழுந்து அலமாரியைத் திறந்தார். பதிவேட்டைப் புரட்டினார். மருந்தின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். பண்ணைக்கு போன் போட்டு வாசல் பலகையைக் கழற்றச் சொன்னார். "தப்பு என்னோடதுதான்" என்றார்.

நாலு நாளாக அவள் மனசுக்குள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். மனிதர் கெட்டவராக இருந்து தொலைத்திருக்கலாம்.

கையெழுத்துப் போட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளியவர், நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளையா வளர்ந்தா யாரா இருந்தாலும் வேற கிருமின்னு தூக்கி எறிஞ்சிடுவாங்க. நானே எறிஞ்சிருப்பேன். எடுத்துக் குளிர்ல வச்சுப் பார்க்கணும்னு உனக்கு மட்டும் எப்படிம்மா தோணிச்சு?"

"ஏதோ தோணிச்சு சார்."

தாளில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. 'இந்தக் கிருமி முப்பத்தேழு டிகிரியில் வளர்வது முதலில் கவனிக்கப்பட்ட தேதி.'

பேனாவைத் திறந்தாள்.

சென்ற வருடம், ஒரு வெள்ளிக்கிழமை. பண்ணை மீனிலிருந்து எடுத்த தட்டை, அவசரத்தில், குடிநீர் சோதிக்க வைத்திருக்கும் முப்பத்தேழு டிகிரிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் திறந்தால் வெள்ளை வெளேரென்று வளர்ந்து கிடந்தது. அவளுடைய வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வாரம் அது. பெட்டி மாறிப்போனது தெரிந்தால் சீட்டு கிழியும். சத்தம் காட்டாமல் எடுத்துச் சரியான பெட்டியில் வைத்தாள். மூன்றாம் நாள் தட்டு பழுப்பாகிவிட்டது. நோட்டில் 'பதினெட்டு டிகிரி, வழக்கம் போல' என்று எழுதினாள். வேலை நீடித்தது.

அதற்குப் பதினாறாம் நாள்தான் தம்பி கையுறையைப் பற்றிக் கேட்டான்.

"சீக்கிரம்மா, மணி ஆகுது" என்றார் டைரக்டர்.

கட்டத்தில், தம்பியின் தட்டு வளர்ந்த போன திங்கட்கிழமைத் தேதியை எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.