வாங்க, உட்காருங்க, பேசலாம்

“அவசரமே இல்லை. ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்க, போதும். ‘வாங்க... உட்காருங்க...’”

“வா...” என்று ஆரம்பித்தவர், அடுத்த எழுத்துக்கு வாயைக் கோணலாக்கிப் போராடினார். வரவில்லை. எரிச்சலோடு கையை வீசினார்.

“நி...றுத்து. அ...வனை.”

டீச்சர் டேப் ரிக்கார்டரை நிறுத்தினார். கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் டீச்சர். வீட்டில் கணவருக்கும் டீச்சர்தான். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து கணவரின் வலது கையையும் பேச்சையும் ஒருசேரப் பிடுங்கிக்கொண்டது. கை மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. பேச்சுதான் வருவேனா என்று அடம் பிடித்தது.

“பழகின குரல் ஏதாவது இருந்தா தினமும் போட்டுக் காட்டுங்கம்மா. கூடவே சொல்லிப் பார்க்கட்டும்” என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கே டீச்சர் பரண் மேலிருந்து கேசட் பெட்டியை இறக்கிவிட்டார்.

ஒரு காலத்தில் ஞாயிறுதோறும் வானொலியில் வந்த நிகழ்ச்சி அது. சாதாரண மனிதர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கோபத்தை எப்படி விட்டீர்கள், கூச்சத்தை எப்படி விட்டீர்கள் என்று பேச வைப்பார்கள். “வாங்க, உட்காருங்க. மனசுல இருக்கிறதைப் பேசலாம்” என்று அந்தக் குரல் ஆரம்பித்தால் கடைகளில் வியாபாரம் நின்றுவிடும்.

“எங்க ஹாஸ்டல்ல அந்த நேரம் யாரும் மூச்சு விடக்கூடாது” என்றார் டீச்சர், கேசட்டைத் துடைத்தபடி. “ஒருத்தி துணி தேய்ப்பா, ஒருத்தி நகம் வெட்டுவா, காது மட்டும் ரேடியோவுல. ஆள் எப்படி இருப்பார்னு ஒரே சண்டை. ஆறடி உயரம், சுருட்டை முடின்னு என் ரூம்மேட் அடிச்சுச் சொன்னா. நேர்ல பார்த்தப்புறம்தானே தெரிஞ்சது, என் காது வரைக்கும்தான் ஆள்னு!”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பழைய கதையை எடுத்தாலே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க. நான் அந்தக் குரல்ல சொக்கிப்போனவதான். ஊருக்கே தெரிஞ்ச விஷயம்.”

“வாய்... ஜா...ஸ்தி. அவனுக்கு.”

“அந்த வாய்க்குத்தான் மூட்டை மூட்டையா லெட்டர் வந்துச்சு!”

சொல்லிவிட்டாரே தவிர, டீச்சரின் கண் கடிகாரத்துக்குப் போனது. சாயங்காலம் வெளிநாட்டிலிருந்து மகள் கூப்பிடுவாள். மணி அடித்ததுமே இவர் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ‘அப்பா தூங்கறார்’, ‘அப்பா குளிக்கிறார்’ என்று டீச்சரும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். போன வாரம் மகள் நேராகவே கேட்டுவிட்டாள்: “அப்பாவுக்கு நிஜமாவே சரியாயிட்டு வருதா? இல்ல, என்கிட்ட எதையாவது மறைக்கறியா?”

டீச்சர் வேறொரு கேசட்டைப் போட்டார். ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்ட ஒரு பெண்மணி பேசிக்கொண்டிருந்தார்.

“தெருவுல விழுந்தா நாலு பேர் பார்த்துச் சிரிப்பாங்களேன்னு வெட்கமா இல்லையாம்மா?” என்று கேட்டது அந்தக் குரல்.

“விழறப்ப பார்த்தவங்கதானே சார், ஓட்டறப்பவும் பார்ப்பாங்க! அவங்க இல்லேன்னா ஓட்டி என்ன பிரயோஜனம்?”

கடகடவென்று ஒரு சிரிப்பு. பிறகு அந்தக் குரல் தணிந்தது. “ஊருக்கெல்லாம் நான் புத்தி சொல்றேன். எனக்கு இன்னைக்கு நீங்க சொல்லிட்டீங்கம்மா.”

நிறுத்தச் சொல்வார் என்று டீச்சர் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவரோ நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“மறு...படி” என்றார்.

மறுபடி போட்டார்கள். பிறகு முதல் கேசட்டுக்கு வந்தார்கள். ‘வாங்க’ வந்தது. ‘உட்காருங்க’வில் வண்டி நின்றது, தள்ளினார்கள், நகர்ந்தது. ‘மனசுல’ வந்தபோது டீச்சர் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தட்டுவதுபோல் கை தட்டினார். மேஜையில் காபி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிச் சுவரோரம் போய்விட்டது.

போன் அடித்தது. டீச்சர் டேப்பை நிறுத்திவிட்டு எடுத்தார்.

“அம்மா, அப்பா எங்கே? இன்னைக்கும் தூங்கறாரா?”

டீச்சர் திரும்பிப் பார்த்தார். அவர் உள்ளறைக்குப் போகவில்லை. கையை நீட்டிக்கொண்டிருந்தார். போனைக் கொடுத்ததும் கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்து, ஒரே ஓட்டமாகச் சொன்னார்:

“வாங்க, உட்காருங்க. மனசுல இருக்கிறதைப் பேசலாம்!”

ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுமுனையில் மகள் உடைந்துபோய் அழுதாள். “ஏம்மா இப்படிப் பண்றே? அப்பா ரேடியோவுல நடத்தின பழைய புரோகிராமைப் போட்டுக் காட்டினா நான் நம்பிடுவேனா? முதல்ல அந்த டேப்பை நிறுத்து. என் அப்பாகிட்ட போனைக் கொடு!”

“டே...ப் இல்லடா...” என்றார் அவர். “நா...ன்தான்.”