தப்பே நடக்காத ஆஸ்பத்திரி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் அவசரப்படக் கூடாது. முதலில் ஜெரோம் கொஞ்ச நேரம் பெருமையடித்துக்கொள்ளட்டும்.

"நம்ம ஆஸ்பத்திரியில தப்பே நடக்கிறதில்லையே சார்!"

திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அவர் மேனேஜர். முதலாளி டாக்டர் அசரவில்லை.

"அதான்யா எனக்குப் பயமா இருக்கு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நர்சுக மாசாமாசம் உக்காந்து, அவங்க பண்ண தப்பை அவங்களே சொல்லித் திருத்திக்கிறாங்களாம். போய்க் கத்துக்கிட்டு வாரும். இல்லாட்டி வேற மேனேஜரைப் பாத்துக்கிறேன்."

வேலை போய்விடுமே! ஜெரோம் போனார். யாரென்று தெரிந்தால் மறைத்துப் பேசுவார்களாம். மருந்துக் கம்பெனிக்காரர் மாதிரி தோளில் ஒரு பை, நர்சுகள் கூட்டத்தில் கடைசி பெஞ்சு.

தலைமை நர்ஸ் பொன்னழகு ஆரம்பித்தாள்.

"நேத்து 'ஒச்சப்பனா?'ன்னு கேட்டேன். பக்கத்துக் கட்டில்ல இருந்த சோலைமலைங்கிற பெருசு தலையாட்டுச்சு. அதுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சும் கேட்ட கூமுட்டை யாரு? நான்தான்! ஒச்சப்பன் ஊசியை அதுக்குக் குத்தப் போயிட்டேன். இனிமே பேரை நாம சொல்லக் கூடாது. அவுகளையே சொல்லச் சொல்லணும்."

'கவர்மெண்ட்டுன்னா இப்படித்தான்' என்று ஜெரோம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"அடுத்தது, ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம், எங்ககிட்ட வந்து சொன்ன நர்சுப் பிள்ளைக பொழப்பு போயிரும். அங்க மேனேஜர் கேப்பாராம்..." பொன்னழகு நெஞ்சை நிமிர்த்தி, குரலைக் கட்டையாக்கினாள். "'தப்புப் பண்ணவங்க கையைத் தூக்குங்க, இப்பவே வீட்டுக்கு அனுப்பிடுறேன்! யாருமில்லையா? வெரிகுட்!'"

ஜெரோமுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"எந்த மடப்பயம்மா அது?"

"கேளுங்க சார். அந்த மனுசனே காய்ச்சல்னு அங்க படுத்திருக்காரு. பக்கத்துக் கட்டிலுக்குப் போட வேண்டிய சர்க்கரை நோய் இன்சுலின் ஊசியை இவருக்குப் போட்டுட்டாக. வெளிய சொன்னா வேலை போகும். விட்டா ஆளு போயிருவாரு. டூட்டி டாக்டர் காதுல மட்டும் போட்டுட்டு, குளுக்கோஸ் ஏத்தி, அம்புட்டுப் பிள்ளைகளும் கட்டிலைச் சுத்தியே நின்னு காப்பாத்தியிருக்காக. கண்ணு முழிச்சதும் அவரு என்ன சொன்னாரு தெரியுமா?"

மறுபடியும் அந்தக் கட்டைக் குரல்:

"'மேனேஜர்னு எம்மேல இம்புட்டு மரியாதையா!'"

அறையே குலுங்கியது. கடைசி பெஞ்சில் மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.