இருபது லிட்டர்

முதலாளி மூன்றாவது தடவையாக வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து, டிரைவரின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். டிரைவர் டயர் அடுக்கின் மேல் போய் விழுந்தான். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது.

"இருபது லிட்டர்டா! காலையில டேங்க் ரொப்பி அனுப்பினேன். மத்தியானம் அளந்தா இருபது லிட்டர் குறையுது. எங்கடா போச்சு?"

"சத்தியமா தெரியாது முதலாளி. ஒரு சொட்டுகூட நான் தொடல."

லாரி ஷெட்டின் இரும்புக் கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது. இந்த வாரத்தில் இதே இடத்தில் உதைபடும் மூன்றாவது டிரைவர் இவன். முதல் ஆளுக்கு இரண்டு பல் போனது, அடுத்தவனுக்குக் கை முறிந்தது. இருவருமே கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, வேலைக்கும் திரும்பவில்லை.

மேசைக்குப் பின்னால் முதலாளியின் தம்பி மனைவி செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேல் சுவரில் கணவனின் படம். போன மாதம் பன்னிரண்டாம் தேதி பைக்கில் வந்துகொண்டிருந்தவனை, பாலத்து வளைவில் ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது.

மறுநாள் காலையில்தான் பள்ளத்தில் உடலைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டார் எல்லோரையும்விட உரக்க அழுதவன் இந்த டிரைவர்தான். அதை நினைத்தாவது முதலாளி கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம். அவரோ ஆணியில் தொங்கிய பழைய ஃபேன் பெல்ட்டை உருவினார்.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க! நான் அப்படிப்பட்டவனா?"

அவள் எழுந்தாள். லாரியில் ஏறி ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு, தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பிடுங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். வண்டிக்குள் எல்லாவற்றின் மீதும் விரற்கடை அழுக்கு. இது மட்டும் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படாமல் பளபளத்தது.

"இன்ஜின் எவ்வளவு டீசல் குடிக்குதுன்னு இது எண்ணிச் சொல்லிடும். இன்னைக்கு இன்ஜின் குடிச்சது நாப்பது லிட்டர். டேங்க்ல குறைஞ்சது அறுபது."

"மிஷின் பொய் சொல்லுது அண்ணி!"

பெல்ட் முதுகில் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. சட்டை கிழிந்து தோல் தடித்தது. டிரைவர் துடித்தானே தவிர, 'நான் எடுக்கல' என்பதை மட்டும் விடவில்லை. உண்மையைச் சொல்கிறவனின் பிடிவாதம் அது.

"போதும் மாமா," என்றாள் அவள். "அடிச்சு என்ன ஆகப்போகுது? ரெண்டு மாசப் பதிவும் என் போன்ல இருக்கு. எந்த நிமிஷம் என்ன வேகத்துல போனான், எங்க சட்டுனு பிரேக் அடிச்சான், எவ்வளவு நேரம் நின்னான், எல்லாம் இருக்கு. ஒவ்வொரு நாளாத் திறந்தா எங்க நிறுத்தி டீசல் எடுத்தான்னு தெரிஞ்சிடும்."

டிரைவரின் முனகல் சட்டென்று நின்றது.

அவள் விரல் திரையில் நகர்ந்தது. "போன மாசம் ஒண்ணாம் தேதி... அஞ்சு... எட்டு..."

"வேணாம் அண்ணி!" தவழ்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான். "நான்தான் எடுத்தேன். இருபது லிட்டரும் நான்தான் எடுத்து வித்தேன். போலீஸ்ல வேணாலும் பிடிச்சுக் குடுங்க. அதைத் திறக்காதீங்க!"

முதலாளி பெல்ட்டைக் கீழே போட்டார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு கேனை இழுத்து, அவன் முகத்துக்கு நேரே வைத்து மூடியைத் திறந்தார். டீசல் வாடை குப்பென்று அடித்தது.

"நீ வித்த இருபது லிட்டர் இந்தா இருக்கு. நீ சாப்பிடப் போனப்ப குழாய் வெச்சு நான் உறிஞ்சி எடுத்தது. இன்னும் நாக்கு எரியுதுடா."

டிரைவர் கேனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மத்த ரெண்டு பேரும் என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றாள் அவள். "'திறந்து பாருங்க, திறந்து பாருங்க'ன்னு கத்தினாங்க. நீ ஒருத்தன்தான் திறக்காதேங்கற. பன்னெண்டாம் தேதியில என்ன இருக்கு?"

முதலாளி அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து சிமெண்டுத் தரையில் மோதினார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மறுபடியும் மோதினார்.

"வளைவுல திடீர்னு எதிர்ல வந்துட்டாரு முதலாளி! வேணும்னு செய்யல!"

முதலாளி அவன் முடியை விட்டார்.

"நீ இறங்கிப் பார்த்தப்ப அவருக்கு உயிர் இருந்துச்சா?" அவள் குனிந்து கேட்டாள்.

"இருந்துச்சு," என்றான். "தண்ணி கேட்டாரு."

அவள் கண்கள் நிரம்பி வழிந்தன. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"அதான் எல்லாம் அதுல பதிவாயிருக்கே அண்ணி," என்று அவன் தேம்பினான். "தெரிஞ்சுகிட்டே எதுக்கு என் வாயில இருந்து கேக்கறீங்க?"

அவள் அந்தக் கருவியைக் கையில் எடுத்து, மேலிருந்த பிளாஸ்டிக் தாளை மெதுவாக உரித்தாள்.

"இதை உன் வண்டியில மாட்டினதே நேத்துதான்."