எவாரிஸ்தோவின் விறகுச் சுவர்

"இன்னும் கொஞ்சம் பின்னால போ, நொயெமி. படத்துல சுவர் முழுசா வரணும். நான் பாதி வந்தாப் போதும்."

எவாரிஸ்தோ விறகுச் சுவரின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவர் மனைவி நொயெமி கைப்பேசியைப் பிடித்தபடி ஓரடி பின்னால் போனாள்.

மே மாதக் கடைசி, பூமியின் தென்பாதியில் குளிர்காலம் தொடங்கும் நேரம். ஆப்பிள் மரத்தில் ஒரு இலைகூட மிச்சமில்லை. சாயங்கால வெயில் இருந்தும் ஏரிக்காற்று காதைக் கடித்தது.

சும்மா சொல்லக் கூடாது, சுவர் சுவர்தான். ஆள் உயரம், பத்து மீட்டர் நீளம், ஒன்றன் பின் ஒன்றாக மூன்று வரிசை. சாலைப் பணியில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகு நூலையும் ரசமட்டத்தையும் வேறு எங்கே கொண்டுபோய் வைப்பார்? அத்தனையும் உல்மோ மரம். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும், அவ்வளவு காய்ந்த விறகு.

எரிக்க மட்டும் கூடாது.

ஜூனில் புனித யோவான் திருநாளுக்குத் தம்பி ரிகோபெர்த்தோ குடும்பத்தோடு வருவான். அவன் கண்ணால் பார்க்கும்வரை ஒரு கட்டையை உருவக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

போன வருஷம் அவன் சுவர்மேல் விளையாட்டாகச் சாய்ந்தான். சுவர் சரிந்தது, பன்றிக்கறித் தட்டோடு அவனும் சரிந்தான். "நீ போட்ட ரோடெல்லாம் இப்படித்தானா அண்ணே?" என்று அத்தனை உறவுக்காரர்கள் முன்னாலும் கேட்டுவிட்டான். அந்த வார்த்தை ஒரு வருஷமாக எவாரிஸ்தோவின் தொண்டையில் நிற்கிறது.

அதனால் இந்த இலையுதிர்காலம் முழுக்க மனுஷன் ஓயவே இல்லை. கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தார். கதவிடுக்கில் பழந்துணி திணித்தார். சமையலறை இரும்படுப்பை முகம் தெரியும்வரை தேய்த்தார். தேய்த்த அடுப்பில் வெந்நீர் வைக்க நாலு சுள்ளி போடலாம், அதற்கு மேல் கூடாது.

"குளிரெல்லாம் மனசுலதான் இருக்கு" என்று இரண்டு கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து உபதேசம் வேறு.

குளிரில் கால்விரல் வீங்கிப்போன நொயெமி வாதாடவில்லை. தினமும் மத்தியானம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் சீமைமாதுளைப் பழங்களை ஏற்றி, சாக்குப் போட்டு மூடி, எதிர்வீட்டு ஓத்திலியாவிடம் போய்விடுவாள். இரண்டு பேருமாகப் பழப்பாகு காய்ச்சுகிறார்களாம். இருட்டுவதற்குள் கன்னம் சிவக்கத் திரும்புவாள்.

பாகு என்னவோ அருமைதான். அல்வா மாதிரி உறைந்த அதைப் பாலாடைக்கட்டியோடு வைத்து எவாரிஸ்தோ ஒரே வேளையில் அரைப் பாளத்தைத் தீர்ப்பார். தோட்டத்தில் இருப்பது ஒரே மரம், ஆனால் ஒரு மாதமாகத் தினம் ஒரு வண்டி போகிறது. நல்ல காய்ப்பு என்று அதையும் தன் பெருமையில் சேர்த்துக்கொண்டார். உரம் போட்டது அவர்தானே.

ஓத்திலியாவின் புகைபோக்கி இப்போதும் புகைந்துகொண்டிருந்தது.

"பாரு அந்தம்மாவை! இப்பவே இப்படி எரிச்சா ஜூலைல நம்ம வாசல்லதான் வந்து நிக்கும்." எவாரிஸ்தோ மூக்கைத் தூக்கி மோந்தார். "உல்மோ. நல்லாக் காய்ஞ்சது. அதுக்கு ஏது இந்த மாதிரி விறகு?"

"நல்ல மனசுக்காரங்க யாராச்சும் குடுத்திருப்பாங்க."

அவர் முழங்கையைச் சுவர்மேல் ஊன்றப் போனார்.

"ஐயோ, சாயாதீங்க!"

நொயெமி போட்ட கூச்சலில் எவாரிஸ்தோ நெகிழ்ந்துபோனார். இவளுக்கும் கடைசியில் சுவரின் அருமை தெரிந்துவிட்டது.

படம் தம்பிக்குப் போனது. இரண்டு நிமிஷத்தில் அவன் குரலிலேயே பதில் வந்தது. மனைவிக்கும் கேட்கட்டும் என்று எவாரிஸ்தோ சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"அண்ணே, போன வருஷம் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். சுவர்னா இது சுவர்! அதுவும் கட்டைக்கு நடுவுல வெயில் பூந்து வருது பாரு, மாதா கோயில் சன்னல் மாதிரி, என்ன அழகு!"

அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டார். மூன்றாம் தடவை பாதியில் நிறுத்தினார்.

மூன்று வரிசையைத் தாண்டி வெயில் எப்படி வரும்?

சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். மூன்றாம் வரிசை இல்லை. இரண்டாம் வரிசையில் ஒரு மூலையில் கொஞ்சம் மிச்சம். முன்வரிசை விழாமல் நான்கு கழிகள் முட்டுக் கொடுத்திருந்தன. நல்ல முட்டு, மேஸ்திரியே குறை சொல்ல முடியாது. அங்கிருந்து ஈரப் புல்லில் ஒற்றைச் சக்கரத் தடம் ஒன்று வேலி இடைவெளி வழியாக, சாலையைக் கடந்து, ஓத்திலியாவின் சமையலறைக் கதவு வரை போனது.

நொயெமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றாள். இந்தக் கணத்துக்காக ஒரு மாதமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். வீங்கின விரல், மெருகு போட்ட அடுப்பு, முப்பத்தெட்டு வருஷக் குடித்தனம், எல்லாவற்றையும் இன்று அவர் முகத்தில் கொட்டிவிடுவது என்று இருந்தாள்.

கைப்பேசி டிங் டிங்கென்றது. ரிகோபெர்த்தோ படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். பதினான்கு பேர் கைதட்டியிருந்தார்கள்.

எவாரிஸ்தோ கழிகளைப் பார்த்தார். கைதட்டல்களைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"அவன் வர்ற அன்னிக்கு வெயில் அடிக்குமா?"

நொயெமி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கொட்டகையிலிருந்து தார்ப்பாயைக் கொண்டுவந்து பின்பக்கம் நெடுகக் கட்டினார், ரசமட்டம் வைத்து. மூலையில் மிச்சமிருந்த கட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இன்னிக்குப் பாகு காய்ச்சப் போகலையா?"

யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று சாக்கை இழுத்து மூடியதும் அவர்தான்.